இரண்டாம் வகையும் இவ்வாறே

ஆகஸ்ட் 19, திங்கள்

இது கண் ஆஸ்பத்திரியில் கொடுத்த டைரி. அக்காவுக்கு வியாழனன்று வலது கண்ணில் புரை ஆபரேஷன். சொட்டு மருந்து போடும் நேரங்களைக் குறித்துவைக்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு நாலு கோடு கிழிக்க ஒரு முழுப் பக்கம் எதற்கு? மிச்ச இடத்தில் நான் எழுதிக்கொள்கிறேன்.

எனக்கும் நாள் குறித்தாகிவிட்டது. செப்டம்பர் முப்பதோடு ஓய்வு. அறையைக் காலி செய்ய ஆரம்பிக்கும்படி நிறுவனத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. கணிதக்காரி ஒருத்தி இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்த அறை. அதில் எது குப்பை, எது கணிதம் என்று பிரிப்பதற்குள் எனக்கு எழுபது ஆகிவிடும்.

போவதற்கு முன் ஒரு கருத்தரங்கு வேறு. 'பேராசிரியர் மங்கையர்க்கரசி 60' என்று போஸ்டர் அடித்துவிட்டார்கள். செப்டம்பர் 26, 27. என்னைப் பற்றி நல்லதாகவே பேச இரண்டு நாள். கடைசி உரை என்னுடையது. தலைப்பு கேட்டார்கள். 'ஒரு துணைத்தேற்றத்தின் இருபத்தொன்பது ஆண்டுகள்' என்று கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆபரேஷன் இருபது நிமிஷத்தில் முடிந்தது. அக்கா வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "காப்பி குடிக்கலாமாமா?"

ஆகஸ்ட் 26, திங்கள்

ஓர் ஆய்விதழிலிருந்து கட்டுரை ஒன்று மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறது. எழுதியவள் ம்ருண்மயி ஜோகளேகர், புனேயில் இருக்கும் இளம் ஆராய்ச்சியாளர். எங்கள் வழக்கப்படி கட்டுரையைச் சரிபார்ப்பவர் யார் என்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். பேர் தெரியாத ஆசாமியாக உட்கார்ந்து ஒருவரின் இரண்டு வருஷ உழைப்பை ஏற்கலாம், தள்ளலாம். யோசித்தால் பயங்கரமான அதிகாரம். யோசிக்காமல்தான் இத்தனை நாள் செய்துகொண்டிருக்கிறேன்.

இவள் என் துணைத்தேற்றத்தை வைத்துத்தான் கட்டுரையையே கட்டியிருக்கிறாள்.

என் துறை இயற்கணித வடிவியல். சமன்பாடுகளிலிருந்து பிறக்கும் பரப்புகளைப் பற்றிய படிப்பு. எங்கும் வழவழப்பான பரப்பில் எனக்கு வேலையில்லை. எங்கேயாவது கிள்ளிவிட்டாற்போல் சுருங்கியிருந்தால்தான் என்னைத் தேடுவார்கள். கிள்ளிய இடத்தை எந்த வழியில் சரிசெய்தாலும் பரப்போடு கூடப் பிறந்த ஓர் எண் மாறாது என்று 1995இல் நிறுவினேன். பெரிய தேற்றங்களுக்குப் படிக்கல்லாகும் அந்தத் துணைத்தேற்றத்துக்கு 'மங்கை லெம்மா' என்று பேரே வந்துவிட்டது. கிள்ளல் இரண்டு வகை. ஒரு புள்ளியில் இருக்கலாம், அது முதல் வகை. ஒரு கோடு நெடுகவும் இருக்கலாம், அது இரண்டாம் வகை. இதுவரை எல்லோரும் முதல் வகையைத்தான் எடுத்துப் பயன்படுத்தினார்கள். இந்தப் பெண் துணிந்து இரண்டாம் வகைக்குப் போயிருக்கிறாள். கெட்டிக்காரி.

ஆகஸ்ட் 29, வியாழன்

அவள் கட்டுரையைச் சோதிக்க, கோடு நெடுகக் கிள்ளிய பரப்புகளில் ஆகச் சுலபமான ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சரிசெய்யும் முன் எண் ஆறு. பின்னும் ஆறு வரவேண்டும். ஐந்து வருகிறது.

கூட்டலில் எங்கோ கோட்டை விட்டிருப்பேன். அறுபது வயது.

ஆகஸ்ட் 31, சனி

மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஐந்து.

1995 கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். முதல் வகைக்கு நாலு பக்க நிரூபணம். இன்று படித்தாலும் அழகாக இருக்கிறது. அதன் கீழே ஒரே வரி: "இரண்டாம் வகையும் இவ்வாறே."

இதில் ஒன்றும் தவறில்லை. எல்லோரும் இப்படித்தான் எழுதுவோம். ஒரே வேலையை இரண்டு முறை எழுதினால் ஆய்விதழ்க்காரனே வெட்டிவிடுவான். இரண்டாம் வகையைக் கையால் எழுதித்தான் வைத்திருந்தேன். அந்த நோட்டு இப்போது இல்லை. ஜெபராஜ் போகும்போது எடுத்துப் போயிருப்பான்.

செப்டம்பர் 2, திங்கள்

அக்காவுக்குச் சொட்டு மருந்து போடும்போது ஜெபராஜ் பேச்சு வந்தது. நானாகத்தான் எடுத்தேன்.

ஜெபராஜ் பாளையங்கோட்டைக்காரன். ஐந்து வருஷம் நாங்கள் ஒரே அறையில் ஆராய்ச்சி செய்தோம். அவனுக்கு ஒரு மேசை, எனக்கு ஒன்று, நடுவில் ஒரு கரும்பலகை. மூளை உண்டு, பொறுமை இல்லை. பாதியில் விட்டுவிட்டு ஊரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்குக் கால்குலஸ் எடுக்கப் போய்விட்டான். என் கட்டுரையை இங்கே கருத்தரங்கில் வாசித்த அன்று எழுந்து என்னவோ கேட்டான். என்ன என்று ஞாபகமில்லை.

"அவன் கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருந்தானே, நீ போகலையே" என்றாள் அக்கா.

"அன்னைக்குப் பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்துச்சு."

"உங்க நிறுவனத்துலதான் பரீட்சையே கிடையாதேடி."

ஒரு கண்ணை மூடிக்கொண்டே இவ்வளவு பார்க்கிறாள். இன்னொன்றும் திறந்துவிட்டால் என் பாடு திண்டாட்டம்தான்.

செப்டம்பர் 4, புதன்

ம்ருண்மயியின் கட்டுரைக்கு அறிக்கை எழுதினேன். "கணக்குகள் கவனமாகச் செய்யப்பட்டுள்ளன. ஆயினும் இந்த இதழின் வாசகர்களுக்குப் போதிய ஆர்வம் தருவதாக முடிவுகள் அமையவில்லை." இரண்டே வாக்கியம். இதைப் படித்துவிட்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கட்டுரை திரும்பிப் போகும். நான் நிம்மதியாகக் கருத்தரங்கில் மாலை வாங்கிக்கொள்ளலாம்.

இன்னும் அனுப்பவில்லை. இணையம் மெதுவாக இருந்தது.

செப்டம்பர் 5, வியாழன்

இணையம் நன்றாகத்தான் இருக்கிறது. அனுப்பவில்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அக்கா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டாள், கொழுக்கட்டை நான் பிடித்தேன். தேங்காய்ப் பூரணத்துக்கு மோதகம், உச்சியில் ஒரே இடத்தில் குவித்துக் கிள்ளுவது. எள்ளுக்குப் பிறைமாதிரி மடித்து ஓரம் நெடுகக் கிள்ளுவது. ஒரே மாவு, ஒரே கை, ஒரே இட்லிப் பானை.

மோதகம் பதினொன்றும் வைத்தது வைத்தபடி வெந்தன. எள்ளுக் கொழுக்கட்டை அத்தனையும் ஓரத்தில் வாயைப் பிளந்துவிட்டது.

"ஓரத்துக்கு வேற பக்குவம்டி. உச்சியக் கிள்ளுற மாதிரியே கிள்ளுனா பிளந்துக்காதா?" என்றாள் அக்கா.

அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். ஆறு, ஐந்து ஆவது எங்கே என்று தெரிந்துவிட்டது. முதல் வகை நிரூபணத்தின் மூன்றாம் பக்கத்தில், கிள்ளிய இடத்துக்கு அக்கம்பக்கம் எல்லாம் வழவழப்பு என்று எடுத்துக்கொள்கிறேன். புள்ளிக்கு அது சரி. கோட்டில் ஒரு புள்ளியை எடுத்தால் அதன் அக்கம்பக்கமும் கோடுதான். அங்கேயும் கிள்ளியிருக்கிறது. அங்கே அந்த நிரூபணம் நிற்கவே நிற்காது.

பிள்ளையாருக்குப் பிளந்த கொழுக்கட்டையைத்தான் படைத்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கீழ்த்தட்டைக் காலி செய்தபோது பழைய நோட்டு கிடைத்தது. ஜெபராஜ் எடுத்துப் போகவில்லை. என் அலமாரியிலேயே, என் புத்தகங்களுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது.

14-3-95 என்று தேதி போட்ட பக்கம். முதல் வகை முழுக்க என் கையெழுத்தில். இரண்டாம் வகை இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை. நோட்டு முழுக்கவே இல்லை. ஓரத்தில் மட்டும் பென்சிலால் ஒரு வரி: "ஜெ. கேள்வி: கோடு நெடுகக் கிள்ளியிருந்தால்? — பிறகு."

ஞாபகமில்லை என்று எழுதியது பொய். நன்றாக ஞாபகமிருக்கிறது.

கருத்தரங்கு அறையில் முப்பது பேர் இருந்தார்கள். அவன் மூன்றாவது வரிசையில் எழுந்து, "கோடு முழுக்கக் கிள்ளியிருந்தா மூணாவது படி எப்படி நிக்கும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த மாதம் நேர்காணல். இருந்தது ஒரே ஒரு வேலை. விண்ணப்பம் போட்டிருந்தது நானும் அவனும். தேர்வுக் குழுவில் இரண்டு பேர் முன்வரிசையில் இருந்தார்கள். "அதே மாதிரிதான் ஜெபராஜ். வீட்டுல போய்ப் போட்டுப் பாரு, வரும். இப்ப உக்காரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

வேலை எனக்குக் கிடைத்தது. தெரியவில்லை என்று அன்று சொல்லியிருந்தால் அது அவனுக்குப் போயிருக்குமா? யாருக்கும் தெரியாது. ஆனால் இத்தனை வருஷம் அவனைப் பாதியில் விட்டுப் போனவன் என்று சொல்லித் திரிந்தேனே, அதற்கு என்ன சொல்வது? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 12, வியாழன்

ஜெபராஜின் நம்பர் அவன் கல்லூரி அலுவலகத்தில் கிடைத்தது. பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"ஹலோ, யாரு?"

"மங்கை பேசுறேன்."

பின்னால் வகுப்பு முடிந்த பிள்ளைகளின் சத்தம்.

"எந்த மங்கை?" என்றான். உடனே அவனே, "சும்மா கேட்டேன். சொல்லு" என்றான்.

"ரெண்டாம் வகை தப்பு, ஜெபராஜ்."

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"தொண்ணூத்தஞ்சு கிறிஸ்மஸ் லீவு. நீதான வீட்டுல போய்ப் போட்டுப் பாக்கச் சொன்ன? போட்டேன். ஆறு அஞ்சாச்சு."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னேன்லா? அத்தனை பேரு முன்னால எந்திரிச்சு நின்னு சொன்னேன். ஒருத்தன் எத்தனை தடவ சொல்லுவான்?"

அவனே தொடர்ந்தான்.

"இங்க பாரு மங்கை, தப்பு எல்லாரும்தான் பண்ணுதோம். எனக்குக் கோவம் அதுல இல்ல. உன் கட்டுரை அச்சாகி வந்ததும் எங்க லைப்ரரிக்குத் தருவிச்சுப் படிச்சேன். கடேசில நன்றின்னு ஒரு வரி. 'பயனுள்ள உரையாடல்களுக்காக ஜெபராஜுக்கு நன்றி.' என்ன உரையாடல்? நான் கேள்வி கேட்டேன். நீ உக்காரச் சொன்ன. அதுக்குப் பேரு உரையாடலா?"

"இல்ல."

"அத வாசிச்சிட்டு ஒரு வாரம் சோறு இறங்கல எனக்கு."

மன்னிப்புக் கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திருத்தம் வெளியிடப் போகிறேன், இரண்டு பேர் பெயரிலும் போடுவோம், பெயர்களை ஆங்கில அகரவரிசையில்தானே போடுவோம், உன் பெயர்தான் முன்னால் வரும் என்றேன்.

"என் பேரு வேண்டாம். முப்பது வருஷம் கழிச்சு அத வச்சு நான் என்ன செய்ய? அந்த நன்றி வரிய மட்டும் மாத்து. என்ன நடந்துச்சோ அத எழுது. அது போதும்."

மணி அடித்தது. வகுப்பு இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஜெபராஜிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம். பழுப்பேறிய அரைப் பக்கம், 1995 டிசம்பர் தேதி. நான் போட்ட அதே பரப்பு. நான் இரண்டு நாள் எடுத்ததை எட்டே வரியில் முடித்திருக்கிறான்.

பழைய அறிக்கையை அழித்தேன். புதிதாக எழுதினேன்: "கட்டுரையின் இரண்டாம் பாதி தவறான ஒரு துணைத்தேற்றத்தின் மேல் நிற்கிறது. தவறு கட்டுரையாளருடையது அல்ல. அந்தத் துணைத்தேற்றத்தை எழுதியது நான். என் பெயரைக் கட்டுரையாளருக்குத் தெரிவிக்கலாம். முதல் பாதி முற்றிலும் சரி. அதைத் தனியாகவே வெளியிடத் தகும்." அனுப்பிவிட்டேன்.

பிறகு என் கட்டுரைகளில் எவை விழும் என்று உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு. அதில் ஒன்றுக்குத்தான் பதக்கம் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 16, திங்கள்

இயக்குநரிடம் சொன்னேன். நல்ல மனுஷர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். மேசையில் இருந்த தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டுப் பேசினார்.

"மேடம், சொல்லத்தான் வேணும். ஆனா அந்த ரெண்டு நாள் வேண்டாமே. எட்டு நாட்டுலேர்ந்து உங்களைக் கொண்டாட வர்றாங்க. விழா நல்லபடியா முடியட்டும். பிறகு ஒரு சின்னக் குறிப்பா வெளியிட்டுரலாம்."

பிறகு. முப்பது வருஷம் முன் என் பென்சிலும் இதைத்தான் எழுதியது.

"கடைசி உரை என்னோடதுதானே? தலைப்பை மட்டும் மாத்திக் குடுங்க" என்றேன்.

செப்டம்பர் 21, சனி

அக்கா விழாவுக்கு மாம்பழக் கலர் பட்டு எடுத்துவைத்திருக்கிறாள். அவமானப்படப் போகிற இடத்துக்குப் பட்டு எதற்கு என்றேன். "அவமானப்படுறவங்க அழுக்குச் சேலைதான் கட்டணும்னு இருக்கா?" என்றாள். பட்டுதான்.

ரவிக்கை இறுக்குகிறது. தையல்காரர் செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

தையல்காரர் தரவில்லை. பயமாக இருக்கிறது. தையல்காரரை நினைத்து இல்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

முடிந்தது.

எழுபது பேர் இருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் மங்கை லெம்மாவைப் பாறை என்றார். அடுத்து நான் எழுந்தேன். கரும்பலகையில் அந்தப் பரப்பின் சமன்பாட்டை எழுதினேன். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து. பத்து நிமிஷத்தில் கதை முடிந்தது. முன்வரிசையில் பேனா மூடி ஒன்று கீழே விழுந்தது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு திருத்தத்தின் நன்றி வரியை வாசித்தேன். ஒரு வாரம் எழுதி எழுதி அடித்து, ஜெபராஜுக்கு முன்பே அனுப்பிவைத்த வரி. "1995 மார்ச் 14 அன்று, இந்த நிரூபணம் இரண்டாம் வகைக்கு எப்படிப் பொருந்தும் என்று ஜெபராஜ் கேட்டார். அதே மாதிரிதான் என்று சொல்லி அவரை உட்காரவைத்தேன். அதே மாதிரி இல்லை. அதே ஆண்டு அவர் கண்ட மறுப்பு எடுத்துக்காட்டே மேலே தரப்பட்டுள்ளது."

தலைவர், "கேள்விகள் உண்டா?" என்றார். ஒருவரும் கையைத் தூக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்குப் பிடிக்கவே இல்லை. எந்த உரைக்கும் குறைந்தது மூன்று கேள்வி வரும். இன்று என் மேல் இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு பெண் என் எதிரில் வந்து நின்றாள். கழுத்து அட்டையில் ம்ருண்மயி என்று பெயர். நவம்பரில் நேர்காணல் இருக்கிறதாம், இந்தக் கட்டுரையை நம்பித்தான் இருந்தாளாம். கண் கலங்கியிருந்தது. "நான் சரிபார்க்கவே இல்லை மேடம். உங்கள் பெயர் இருந்தது, அதனால் சரி என்று எடுத்துக்கொண்டேன்" என்றாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்லத் தோன்றியது. "உன் முதல் பாதி நிற்கும். ஒவ்வொரு வரியும் நானே போட்டுப் பார்த்துவிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் எதைச் சொன்னாலும் அது என் திருப்திக்காகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 28, சனி

அக்காவுக்கு இன்றோடு சொட்டு மருந்து முடிகிறது. மதியம் ஜெபராஜ் கூப்பிட்டான்.

"வாசிச்சியா?"

"வாசிச்சேன். அப்படியே, ஒரு எழுத்து மாத்தாம."

"யாரும் கேள்வி கேட்டாங்களா?"

"இல்ல. எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க."

"கை தட்டுனாங்களாக்கும்" என்றான். அந்த இழுப்பு அப்படியே இருக்கிறது. "சரி, அப்ப நான் கேக்கேன். நோட்ட எடு."

எடுத்தேன்.

"கோடு நேரா இருந்தா ஆறு அஞ்சாகுது. ஒண்ணு குறையுது. சரியா? அதே கோடு வளைஞ்சு வந்து தன்னையே வெட்டிக்கிட்டா எத்தனை குறையும்?"

அதே மாதிரிதான் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவ்வளவு பழகிய வார்த்தை. விழுங்கினேன்.

"தெரியல, ஜெபராஜ்."



"எனக்கும் தெரியல" என்றான். "நீ போன் பண்ணுன அன்னைலேருந்து போட்டுப் பாக்கேன். ஒரு தடவ ரெண்டு வருது, ஒரு தடவ மூணு வருது. தனியா பண்ணா பிடிபட மாட்டேங்குது."

பழைய நோட்டில் வெறும் பக்கங்கள் நிறைய இருந்தன. தேதி போட்டு, "ஜெ. கேள்வி" என்று எழுதினேன்.

"மொதல்லேருந்து சொல்லு, நான் நின்னு கேக்குறேன்" என்றேன். அவன் சொல்ல ஆரம்பித்தான்.